எல்லையோரத் தமிழ்வழி வகுப்பில் ஃபெட் சிமுலேஷன்கள்: ஓர் அறிவியல் ஆசிரியையின் மதிப்பீடு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருபுறம் வேலந்தாவளம் வரையும் மறுபுறம் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரையும், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி, பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் ஒருவரிடம் இணையத்தில் கிடைக்கும் ஒரு பாடக் கருவியைக் காட்டினால், அது நன்றாக இருக்கிறதா என்று அவர் முதலில் கேட்கமாட்டார். அது எந்த மாநிலத்தின் பாடத்திட்டத்துக்குச் செய்யப்பட்டது, எந்த மொழியில் பேசுகிறது, இணையம் இல்லாத நேரத்தில் ஓடுமா என்பவற்றையே கேட்பார். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் போல்டர் நகரிலிருந்து இலவசமாக வழங்கிவரும் ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையில் செய்துபார்க்கும் சோதனைகளை, அந்த மூன்று கேள்விகளையும் வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். உயர்நிலை வகுப்புகளில் இயற்பியலும் வேதியியலும் நடத்தும்போது பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் எழுதுவதால், ஆரம்பப் பள்ளிக்கான கணித சிமுலேஷன்களைப் பற்றி இதில் ஒன்றும் சொல்லவில்லை.

கருவிக்குள் நுழையுமுன் எங்கள் பக்கத்து நிலைமையைச் சற்று விளக்க வேண்டும். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் 2001-இல் தொடங்கிப் பின்னர் கைட் நிறுவனமாக மாறிய அரசு ஏற்பாட்டினால், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள 45,000 வகுப்பறைகளை மடிக்கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி ஆகியவற்றுடன் உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக்கும் திட்டம் 2018-இல் தொடங்கியது. அந்தக் கணினிகளில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருள் என்பதால், உரிமக் கட்டணம் என்ற பேச்சே எழுவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம் என்பதால், மௌஸைப் பிடிக்கத் தெரியாத பிள்ளையை உயர்நிலை வகுப்பில் காண்பது அரிது. ஆகவே கணினி பற்றிய குறை எங்களுக்கு அதிகமில்லை. அதில் ஓட்டுவதற்கான பாடப்பொருள்தான் தமிழில் வேண்டியிருக்கிறது. 2020 ஜூன் 1 அன்று கொரோனாவால் பள்ளிகள் மூடியிருக்க, கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வகுப்புகள் தொடங்கியபோது தொலைக்காட்சி நேரம் மலையாள வகுப்புகளுக்குரியதாக இருந்தது. தமிழ், கன்னட வகுப்புகள் யூடியூப் வழியாக வந்தன. யூடியூப் என்றால் செல்பேசி வேண்டும், டேட்டா வேண்டும், அப்பா வேலைக்குப் போகும்போது செல்பேசியை வீட்டில் விட்டுச் செல்லவும் வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தமிழுக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் அங்கே பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டு, அவற்றைத் திக்‌ஷா என்னும் இந்திய அரசின் கல்வித் தளத்தின் வழியே திறந்து காணொளி பார்க்க முடிகிறது; 2019 ஆகஸ்ட் முதல் கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பேருந்தில் போய்வருகிற பெற்றோர் அங்குள்ள உறவினர் வீட்டிலிருந்து தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலை வாங்கிவந்து பிள்ளையிடம் கொடுப்பதுண்டு. ஆனால் அங்கே இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒரே அறிவியல் நூலுக்குள் அடங்கியிருக்க, இங்கே அவை மூன்று தனிப் பாடங்களாக, தனித்தனி நூல்களாக, வேறு வரிசையில் வருகின்றன. கேரள எஸ்சிஇஆர்டி (மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) தயாரிக்கும் நூல்களின் தமிழ்ப் பதிப்பைப் படிக்கும் பிள்ளை, தமிழ்நாட்டுக் காணொளியைப் பார்க்கும்போது, மொழி தன்னுடையதாகவும் பாடம் இன்னொருவருடையதாகவும் இருக்கும் நிலையில் சிக்கிக்கொள்கிறது. "டீச்சர், அந்த வீடியோல சொன்னது நம்ம புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல வருதுங்க?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பக்க எண் சொல்ல முடியாமல் போன அனுபவம் எல்லைப்பள்ளி ஆசிரியர் அனைவருக்கும் இருக்கும்.

இந்த இடைவெளியில்தான் ஃபெட் பொருந்துகிறது. அது பாடம் நடத்துவதில்லை. யாருடைய பாடநூலையும் பின்பற்றுவதில்லை. குரல் கொடுத்து விளக்குவதும் இல்லை. திரையில் சில பொருள்களை வைத்துவிட்டு, இழுத்துப் பார், மாற்றிப் பார் என்று ஒதுங்கிக்கொள்கிறது. சொற்கள் குறைவாக இருப்பதனாலேயே அது மொழியாலும் பாடத்திட்டத்தாலும் குறைவாகக் கட்டுப்படுகிறது. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இலவச டிஜிட்டல் கருவிகளில் இதனை நான் முதலிடத்தில் வைப்பதற்கு அதன் வண்ணமோ அசைவோ காரணமல்ல; இந்தச் சொற்சிக்கனமே காரணம்.

இதனைத் தொடங்கியவர் கார்ல் வீமன். சத்யேந்திரநாத் போஸின் பெயரையும் தாங்கிய போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதற்காக 2001-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், அதற்கு அடுத்த ஆண்டே இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் இயற்பியலுக்கு மட்டும் இருந்தது, பின்னர் வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் என்று விரிந்தது. தொடக்ககாலச் சிமுலேஷன்கள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டவை. ஃபிளாஷ் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்துவிட்டது. பழைய சிமுலேஷன்களில் முக்கியமானவை, உலாவி நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல்5 வடிவத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால் இன்றைக்கு எந்த உலாவியிலும் அவை திறக்கின்றன. பழைய குறுந்தகடுகளில் ஜாவா வடிவத்தை வைத்திருக்கும் ஆசிரியர்கள் அதைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்வதே நல்லது.

எச்டிஎம்எல்5 வடிவத்தின் பெரும் நன்மை எங்களைப் போன்றவர்களுக்கு வேறொன்று. ஒவ்வொரு சிமுலேஷனும் சில எம்பி அளவுள்ள ஒற்றைக் கோப்பு. அதனைத் தளத்திலிருந்து ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால், அதன்பின் இணையமே தேவையில்லை; வகுப்பறை மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் இருமுறை சொடுக்கினால் திறந்துவிடும். நிறுவ வேண்டியதில்லை, நிர்வாகக் கடவுச்சொல் தேவையில்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. தளத்தின் மொழிபெயர்ப்புப் பகுதிக்குச் சென்று தமிழைத் தெரிவு செய்தால், தமிழாக்கம் உள்ள சிமுலேஷன்கள் மட்டும் பட்டியலாக வரும். இறக்கிய கோப்பின் பெயர் தமிழுக்குரிய 'டிஏ' (ta) என்னும் மொழிக்குறியோடு முடிந்திருந்தால் அது தமிழ்ப் பதிப்பு என்று அறியலாம். தோப்புகளுக்கு நடுவில், ஒரு செல்பேசிக் கோபுரத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட பள்ளிகளில், காணொளி ஒன்று சுழன்று சுழன்று நிற்பதைப் பார்த்துப் பொறுமையிழந்த வகுப்புக்கு, சொடுக்கியவுடன் திறக்கும் கோப்பின் அருமை தெரியும்.

நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவது நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷன். மின்கலம், கம்பி, பல்பு, மின்தடை, சாவி ஆகியவற்றை ஓரத்துப் பெட்டியிலிருந்து இழுத்து வந்து முனைகளை ஒட்டினால் சுற்று உருவாகிறது. சுற்று முழுமையானதும் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் கம்பி நெடுக நகர்கின்றன. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் தீப்பிடிக்கிறது. வகுப்பில் இதைக் கண்டுபிடிக்க எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் சில நிமிடங்கள் எல்லாரும் தீ வைப்பதிலேயே போகும், போகட்டும். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியபோது கிடைக்காத கவனம் அந்தச் சில நிமிடங்களில் தானாகவே கிடைத்துவிடுகிறது.

இதன் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. மின்னோட்டம் பல்புக்குள் நுழைந்து அங்கே செலவாகிவிடுகிறது, மறுபக்கம் வரும்போது குறைந்துவிடுகிறது என்று பிள்ளைகள் ஆழமாக நம்புகிறார்கள். பாடநூலை வரி பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளையும் உள்ளுக்குள் இப்படித்தான் நம்புகிறது என்பதை, "பல்பைத் தாண்டினதுக்கு அப்புறம் கரண்டு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டால் தெரிந்துகொள்ளலாம். "பல்பு எரியறதுக்கே தீந்திருக்குங்க டீச்சர், மிச்சம் கொஞ்சந்தான் வரும்" என்பது வழக்கமான பதில். சிமுலேஷனில் 9 வோல்ட் மின்கலத்தோடு 10 ஓம் பல்பு ஒன்றை இணைத்து, பல்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அம்மீட்டரை வைத்தால் இரண்டும் 0.9 ஆம்பியர் காட்டுகின்றன. நீலப் புள்ளிகளும் பல்புக்கு முன்பு எத்தனை நெருக்கமாக, எந்த வேகத்தில் வந்தனவோ, பின்பும் அதே நெருக்கத்தில், அதே வேகத்தில் போகின்றன. கணக்கால் நிறுவுவதைவிட இந்தக் காட்சி அந்த நம்பிக்கையை விரைவாக அசைத்துவிடுகிறது. செலவாவது மின்னோட்டமன்று, ஆற்றல்தான் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது என்ற அடுத்த படிக்கு அதன் பிறகு எளிதாக வந்துவிடலாம்.

தொடரிணைப்பில் இரண்டு பல்புகளை வைக்கச் சொல்லுமுன், ஒவ்வொன்றும் எவ்வளவு எரியும் என்று எல்லாரையும் நோட்டில் எழுதச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலோர் பாதி என்று எழுதுவார்கள். மின்னோட்டம் 0.45 ஆம்பியராகப் பாதியாகிறது என்பது சரிதான். ஆனால் பல்பில் செலவாகும் திறன் 8.1 வாட்டிலிருந்து ஏறத்தாழ 2 வாட்டுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. பல்பு பாதியைவிட மிகவும் மங்கலாகத் தெரிவதைக் கண்ட பிறகுதான், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திறன் மாறும் என்ற சூத்திரத்துக்கு வகுப்பில் ஒரு வேலை பிறக்கிறது. பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்பும் முழு 0.9 ஆம்பியரையும் எடுத்துக்கொண்டு மின்கலத்திலிருந்து மொத்தம் 1.8 ஆம்பியர் புறப்படுவதையும் அங்கேயே காட்டிவிடலாம். இந்தச் சாதாரணப் பல்பின் மின்தடை சூட்டினால் மாறாது என்று சிமுலேஷன் எடுத்துக்கொள்கிறது. கடையில் வாங்கும் பல்பின் இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும் என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அதையும் காட்ட விரும்புகிறவர்களுக்கு நிஜ பல்பைச் சேர்க்கும் தெரிவு உண்டு.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து எழுந்த ஒரு கேள்விக்கு இதே சிமுலேஷன் தந்த விடையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகள் தென்னந்தோப்புக்கு நடுவிலோ ஓரத்திலோ இருப்பவை. மோட்டார் அறைக்கும் வீட்டுக்கும் ஒரே மின்பாதை. "எங்க தோட்டத்துல மோட்டார் போட்டதும் வீட்டு லைட்டு மங்கிப்போகுதுங்களே, அது ஏனுங்க டீச்சர்? பக்க இணைப்புன்னா ஒண்ணு இன்னொண்ணைப் பாதிக்காதுன்னு சொன்னீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. இலட்சிய மின்கலத்தை வைத்துப் பாடநூல் சொல்லும் பக்க இணைப்புக்கும் தோட்டத்து வீட்டுக்கும் இடையில் மின்பாதையின் மின்தடை என்ற ஒன்று ஒளிந்திருக்கிறது. சிமுலேஷனின் மேம்பட்ட அமைப்புகளில் மின்கலத்துக்கு உள்மின்தடை கொடுக்க முடியும். அதை 1 ஓம் என்று வைத்து 10 ஓம் பல்பை இணைத்தால், பல்பின் குறுக்கே வோல்ட்மீட்டர் ஏறத்தாழ 8.2 வோல்ட் காட்டுகிறது. இப்போது மோட்டாருக்குப் பதிலாக 2 ஓம் மின்தடை ஒன்றைப் பக்க இணைப்பில் சேர்த்துச் சாவியைப் போட்டால், பல்பின் மின்னழுத்தம் 5.6 வோல்ட் அளவுக்குச் சரிகிறது; பல்பு கண்முன்னே மங்குகிறது. சாவியை எடுத்தால் மீண்டும் பிரகாசிக்கிறது. மோட்டார் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதையும், அந்த மிகை மின்னோட்டத்தால் மின்பாதையிலேயே மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொன்னால் விளக்கம் முழுமையாகிறது. உண்மை மோட்டார் மாறுமின்னோட்டத்தில் ஓடுவது, வெறும் மின்தடையாக நடந்துகொள்ளாதது என்ற எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடக் கூடாது. எந்தக் காணொளிப் பாடமும் அந்த மாணவியின் தோட்டத்தை முன்கூட்டியே நினைத்துப் பதிவு செய்யப்பட்டிருக்காது; கேள்வி பிறந்த இடத்திலேயே சுற்றை மாற்றிப் பார்க்க இடம் தருவது இத்தகைய கருவிதான்.

நிஜக் கம்பிகளையும் பல்புகளையும் விட்டுவிட்டு இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி ஆசிரியர் கூட்டங்களில் எழுவதுண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் அறிமுக இயற்பியல் படித்த மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2005-இல் வெளியானது; இதே சுற்றுச் சிமுலேஷனின் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள், நிஜக் கருவிகளைப் பயன்படுத்தியவர்களைவிடக் கருத்துகளைப் புரிந்துகொள்வதிலும், பின்னர் நிஜச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் மேலாகச் செய்தார்கள் என்று அது கூறியது. வியப்பான முடிவுதான், ஆனால் அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதை மறந்துவிட்டு எட்டாம் வகுப்புக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். சிமுலேஷனில் கம்பி முனை எப்போதும் சரியாகவே ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த இணைப்பு கிடையாது, துருப்பிடித்த முனை கிடையாது, தீர்ந்துபோன பேட்டரி கிடையாது. நிஜத்தில் பல்பு எரியாதபோது எங்கே தேடுவது என்று அறிவதும் மின்னியல் அறிவுதான். ஆகவே முதலில் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரு கம்பி ஆகியவற்றைக் கையில் கொடுத்து எரியவைக்கச் சொல்லிவிட்டு, பல்பு எரிந்த பிறகு சிமுலேஷனுக்குப் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வரிசையில் போனால், கையில் எரிந்த பல்புக்குள் என்ன நடந்தது என்று காட்டும் இடமாகத் திரை அமைகிறது. வரிசை மாறினால் திரையே உண்மை, கையிலிருப்பது அதன் குறைபட்ட நகல் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

எலக்ட்ரான்களின் வேகமும் அப்படித்தான். திரையில் அவை கண்ணால் தொடரும் வேகத்தில் ஓடுகின்றன; உண்மைக் கம்பியில் அவற்றின் நகர்வு பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாவியைப் போட்டவுடன் சுற்று முழுவதிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதைச் சிமுலேஷன் சரியாகக் காட்டுவதால், இந்த வேகப் பிழையை ஒரு வாக்கியத்தில் திருத்திவிடலாம். அமெரிக்கச் சாயல் சில இடங்களில் தெரியும்; மின்கடத்தியா இல்லையா என்று சோதிக்க வைத்திருக்கும் பொருள்களில் பென்சில், நாணயம், அழிப்பான் ஆகியவற்றோடு டாலர் நோட்டும் ஒரு நாயும் இருக்கின்றன. நாயைச் சுற்றில் இணைப்பதற்கு வகுப்பில் நடக்கும் போட்டியைச் சொல்லவேண்டியதில்லை.

வேதியியலில் எனக்கு மிகவும் பயன்பட்டது சமன்பாடுகளைச் சமப்படுத்தும் சிமுலேஷன். அம்மோனியா உருவாதல், நீர் பிரிதல், மீத்தேன் எரிதல் ஆகிய மூன்றோடு தொடங்கி, பிறகு படிப்படியாகக் கடினமாகும் விளையாட்டாக மாறுகிறது. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை ஏற்ற இறக்க, இருபக்க அணுக்களும் தராசுத் தட்டிலோ பட்டை வரைபடத்திலோ நிற்கின்றன. இங்கே மொழி கிட்டத்தட்டத் தேவையே இல்லை. குறியீடுகள் எல்லா மொழிக்கும் ஒன்றே. தமிழ்வழிப் பிள்ளையும் மலையாளவழிப் பிள்ளையும் ஒரே கணினி முன் அமர்ந்து போட்டியிடக்கூடிய சிமுலேஷன் இது என்பதால், இரண்டு வழியும் உள்ள பள்ளிகளுக்குக் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன். அணுவை உருவாக்கும் சிமுலேஷனும் இதே வகையைச் சேர்ந்ததுதான். புரோட்டானை ஒன்று கூட்டினால் தனிமமே மாறுவதும், நியூட்ரானைக் கூட்டினால் பெயர் மாறாமல் நிறை மட்டும் மாறுவதும் ஒரு பாடவேளைக்குள் பதிந்துவிடுகின்றன.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் சிமுலேஷனில் காபி, பால், ஆரஞ்சுச் சாறு, இரத்தம், எச்சில், கோழி சூப், பேட்டரி அமிலம் எல்லாம் இருக்கின்றன. புளித்தண்ணீரும் மோரும் இல்லை. நான் அவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுவரச் சொல்லி, பிஎச் தாளில் நிறம் பார்த்து, கிடைத்த மதிப்பைச் சிமுலேஷனின் மூன்றாவது திரையில் நாமே வைத்துப் பார்க்கிறோம். கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் அனுப்பும் ஊர் எங்களுடையது என்பதால், இறக்கியவுடன் இனிப்பாக, நடுநிலைக்கு அருகில் இருக்கும் தென்னம்பாளைச் சாறு புளிக்கப் புளிக்க அமிலமாவதைப் போன்ற நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. ஆனால் அதை வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்லும் துணிவு எந்த ஆசிரியருக்கும் வராது, வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆற்றல் பாடத்துக்குரிய சறுக்குப் பலகைச் சிமுலேஷன் அழகானது. நிலையாற்றலும் இயக்க ஆற்றலும் மாறி மாறிப் பட்டைகளாக ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். ஓமின் விதிக்கென்று தனியாக இருப்பது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. மதிப்பு கூடக்கூட எழுத்துகள் பெரிதாவது முதலில் நன்றாக இருக்கும், ஆனால் சுற்று அமைக்கும் சிமுலேஷன் கையில் இருக்கும்போது அதற்குத் தனி வேலை குறைவு.

இனிக் குறைகள். எல்லாச் சிமுலேஷன்களுக்கும் தமிழ்ப் பதிப்பு இல்லை. தமிழாக்கம் தன்னார்வலர்களால் செய்யப்படுவது. ஒன்றில் இருக்கும் நடை இன்னொன்றில் இருக்காது, எங்கள் பாடநூலின் வழக்கோடும் முழுக்கப் பொருந்தாது. தமிழ் இல்லாதவற்றுக்கு நான் ஒரு பக்கத் தாளில் திரையின் படத்தை அச்சிட்டு, ஒவ்வொரு பொத்தானுக்கும் நேரே தமிழில் எழுதி வகுப்பில் ஒட்டிவிடுகிறேன். சொற்கள் குறைவு என்பதால் அது பெரிய வேலையில்லை. ஆனால் சிமுலேஷன்களோடு சேர்த்து உலகெங்கும் உள்ள ஆசிரியர்கள் பகிர்ந்திருக்கும் செயல்பாட்டுத் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு ஆசிரியராகப் பதிவுசெய்துகொள்ளவும் வேண்டும். சிமுலேஷனைக் கொடுத்துவிட்டு 'பாருங்கள்' என்று சொன்னால் பிள்ளைகள் தீ வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எதை முன்கூட்டி ஊகிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும், எதை எழுத வேண்டும் என்று நடத்திச்செல்லும் தாள் இல்லாமல் இந்தக் கருவி பாதிதான். அந்தத் தாளைத் தமிழில், கேரளப் பாடநூலின் வரிசைக்கேற்ப ஆசிரியர்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வகுப்பறைச் சூழல் சார்ந்த தடைகளுக்குக் கருவியைக் குறைசொல்ல முடியாது என்றாலும் அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு வகுப்புக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் என்ற ஏற்பாட்டில் சிமுலேஷன் எளிதாக ஆசிரியரின் வித்தையாக மாறிவிடும். அதற்குக் காணொளியே போதும். மௌஸை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஊகம் சொல்ல, அந்தப் பிள்ளை செய்துபார்க்க என்று மாற்றினால் பாதிக் குறை தீரும். ஐடி ஆய்வகத்தில் ஒரு பாடவேளையைக் கேட்டு வாங்கி, ஒரு கணினிக்கு மூவர் என்று உட்கார்த்தினால் மீதியும் தீரும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்குச் சன்னலைச் சாத்தினாலும் வெயில் சாத்திய சன்னல் வழியாகவும் வரும்; நண்பகலில் நீலப் புள்ளிகள் சுவரில் தெரியாது. காலையில் முதல் இரண்டு பாடவேளைகளைத் தேர்ந்துகொள்வது உத்தமம். வீட்டில் செல்பேசியில் திறந்தால் சமன்பாட்டுச் சிமுலேஷனும் அணுவும் நன்றாக வருகின்றன. சுற்று அமைக்கும் சிமுலேஷன் சிறிய திரையில் நெருக்கடியாகி, விரல் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

கணித ஆசிரியர்கள் இதற்கு ஈடாக ஜியோஜீப்ராவைச் சொல்வார்கள். 2001-இல் மார்க்குஸ் ஹோன்வார்ட்டர் ஆஸ்திரியாவில் தம் ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய அந்த மென்பொருள் எங்கள் பள்ளிக் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பாடத்திலும் வருகிறது. அது வெற்றுத் தாள், இது தயாரான மேசை. வட்டத்தையும் தொடுகோட்டையும் தானே வரைந்து இழுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஜியோஜீப்ராவே சிறந்தது. ஆனால் அதில் இயற்பியல் சோதனையொன்றை அமைக்க ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதில் பொருளில்லை.

கட்டணச் செயலிகளைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் வீடு வீடாக வந்து தவணைமுறையில் விற்கப்பட்ட ஒரு செயலியை, செங்கல் சூளை வேலைக்குப் போகும் குடும்பம் ஒன்று கடன் வாங்கி எடுத்திருந்தது. பாடங்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. பிள்ளை எந்த மொழிவழியில் படிக்கிறது என்று விற்றவர் கேட்கவே இல்லை. பணம் கொடுத்து வாங்குமுன் அந்தச் செயலியில் தமிழில், கேரளப் பாடத்திட்டத்தில், பிள்ளையின் வகுப்புக்கு ஒரு பாடத்தை முழுமையாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிறேன்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் ஒருவர் எதையெல்லாம் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், நேர்மின்னோட்டச் சுற்று, சமன்பாடு சமப்படுத்தல், அணு உருவாக்கல், பிஎச் அளவு, லென்சுகளுக்கான வடிவியல் ஒளியியல் ஆகிய ஐந்தைச் சொல்வேன். கேரளத்தில் 2024–25-இல் ஒன்பதாம் வகுப்புக்கும் 2025–26-இல் எட்டு, பத்தாம் வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்துவிட்டதால், பழைய நூலுக்கென்று எழுதிவைத்த செயல்பாட்டுத் தாள்களின் அத்தியாய எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிமுலேஷன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழாக்கம் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் ஃபெட் தளத்திலேயே மொழிபெயர்ப்புக் கருவிக்கு அனுமதி கேட்டுப் பெறலாம். உலாவியிலேயே ஒவ்வொரு சொல்லாக நிரப்பி, திரையில் எப்படித் தெரிகிறது என்று உடனே பார்த்துக்கொள்ள முடியும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளமான தமிழ்த் தொடர்கள் பொத்தானுக்குள் அடங்காமல் எழுத்துச் சிறுத்துவிடும் என்பதால், பாடநூலின் தொடரை அப்படியே இடாமல் சுருக்கமான வடிவத்தைத் தேர்ந்து இடுவது நல்லது.